ஒன்பது அட்டை, ஒரு முகம்

எல்லாரும் எப்படி இருக்கீங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? காலையில எந்திரிச்சதும் விரல் மடங்குதா, இல்ல விறைச்சுக்கிட்டு நிக்குதா? இங்க மலை மேல பனி விழுந்து மூணு நாளாச்சு. ஈர வறட்டிய ஊதி ஊதியே எனக்கு மூச்சு வாங்குது. அது கிடக்கட்டும், கெனுவே கதைக்கு வருவோம்.

புதுசா வந்தவங்களுக்கு அவ யாருன்னு சொல்லிடுறேன். மசேரு பட்டணத்துல போலீஸ்ல இருந்தவ. அம்பது தாண்டிருச்சு. கழுத்துல எப்பவும் ஒரு துண்டு சுத்தியிருப்பா, ஏன்னு பொறவு சொல்றேன். இப்ப எவன் வீட்டு ஆடு காணாம போனாலும், எவன் வீட்டு மருமக காணாம போனாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். அவ கூடவே பிட்சோ. மினிபஸ்ல கண்டக்டரா இருந்தவன். வண்டி ஹாரனவிட இவன் சத்தம் ஜாஸ்தின்னு எறக்கி விட்டுட்டாங்க. நாப்பது வயசு, பொண்டாட்டி கிடையாது, பசி மட்டும் உண்டு.

அந்த வெள்ளிக்கிழம காலையில ரெண்டு பேரும் குதிரையில ஹா ரமோசாங்கிற மலை ஊருக்கு ஏறிப் போனாங்க. கூப்பிட்டு விட்டவ பேரு மாலினேயோ.

"வாசல் நல்லா உசரமா இருக்கே, நான் குதிர மேல இருந்தே உள்ள வந்திருக்கலாம்"னு சொல்லிக்கிட்டே பிட்சோ நுழைஞ்சான்.

"பழைய வீடு இடிஞ்சு போச்சுண்ணே. நாலு வருசம் முன்னாடி அதே எடத்துல புதுசா கட்டுனது. பழைய வாசல்ல இடிக்காத நெத்தியே இந்தக் குடும்பத்துல..." சொல்லிக்கிட்டே வந்த மாலினேயோ டக்குனு நிறுத்திட்டா. "உக்காருங்க. கூழு ஊத்துறேன்."

முப்பத்தஞ்சு வயசு இருக்கும். மடியில ரெண்டு வயசுப் பொண்ணு ஒண்ணு. மூத்தவ லினேயோ ஸ்கூலுக்குப் போயிருந்தா. சுவத்துல கல்யாண போட்டோ. அதுல மெலிசா, கூரா மூக்கோட ஒரு மாப்பிள்ள சிரிக்கிறான்.

"இவருதான் என் வீட்டுக்காரரு மோஹாப்பி. எல்லைக்கு அந்தப் பக்கம் சுரங்க வேலைக்குப் போனாரு. ஒன்பது வருசம் முன்னாடி சுரங்கம் இடிஞ்சு, பெட்டிய மூடி அனுப்புனாங்க. தெறக்கக் கூடாதுன்னுட்டாங்க. பெட்டி மேல அவரு போர்வை இருந்துச்சு, கல்யாணத்துல எங்கப்பா போத்திவிட்ட, சோளக்கதிர் படம் போட்ட போர்வை. மாமியா அதத் தடவிப் பாத்து எம் புள்ளதான்னாங்க. புதைச்சோம்."

"போர்வைய மட்டும் பாத்தா?"

"நம்ம ஊருல வேற எதப் பாப்பாங்க அக்கா? ஆளு மலைமேல தூரத்துல வரும்போது போர்வைய வச்சுத்தான இன்னாருங்கிறோம்."

கெனுவே தலையாட்டுனா. அது சரிதானே.

"தல மழிச்சேன். ஒரு வருசம் கறுப்புத் துணி போட்டேன். ஆடு வெட்டித் துக்கம் கழிச்சாங்க. பொறவு பெரியவங்க பேசி, அவரு தம்பி செக்கேலே கையில என்ன ஒப்படைச்சாங்க. இந்தச் சின்னதும் மோஹாப்பி பேருலதான் வளருது, வழக்கப்படி." அவ குரல் கொஞ்சம் எறங்குச்சு. "மூணு வாரம் முன்னாடி ஒருத்தன் வந்து நிக்கிறான். நான்தான் மோஹாப்பிங்கிறான்."

"இல்லையா?"

"அக்கா, என் வீட்டுக்காரருக்குச் சின்னக் காலு. என் செருப்பே அவருக்குச் சேரும். இவன் கால் எனக்கு ரெண்டு கால் அளவு. கை மம்பட்டி மாதிரி. தாடை முன்னால நீட்டிக்கிட்டு இருக்கு, பல்லுக்குப் பல்லு சந்து. குரல் கெணத்துக்குள்ள இருந்து வருது. மாமியாளும் போயிட்டாங்க, கேக்க ஆளில்ல."

"என்ன வேணுமாம் அவனுக்கு?"

"கண்ணு போய்க்கிட்டு இருக்காம். எல்லைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா அடையாளச் சீட்டு வேணுமாம். மோஹாப்பி செத்ததா எழுதியாச்சே? உயிரோட இருக்கான்னு ஊர்த் தலைவரு முத்திரை போட்டுக் குடுக்கணும். நாளைக்குக் காலையில விசாரிக்கிறாரு. இல்லைன்னு ஆயிட்டா அவன மலையவிட்டு எறக்கிருவாங்க." மாலினேயோ கெனுவே கையப் புடிச்சுக்கிட்டா. "இவன் அவரு இல்லைன்னு நாளைக்கு நீங்க சொல்லிருங்க."

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லுவேன். ஆமான்னா ஆமான்னு சொல்லுவேன். கூழு நல்லா புளிச்சிருக்கும்மா."

வெளிய வந்ததும் பிட்சோ காதக் கடிச்சான். "அக்கா, இது தம்பிகாரன் வேலதான். அண்ணன் வந்தா அவனுக்குப் படுக்க எடமில்ல பாரு. அங்க ஆட்டுக்குத் தண்ணி காட்டுறான், மூஞ்சியப் பாரு, களவாணி மூஞ்சி."

"உன் மூஞ்சிய நீ கண்ணாடியில பாக்குறதே இல்லையா?"

"பாத்தா சாப்பாடு எறங்காதுக்கா."

வந்தவன ஊருக்கு ஒதுக்குப்புறமா ஒரு பழைய ஆட்டுக் கொட்டாயில தங்க வச்சிருந்தாங்க. உள்ள நெருப்பு நல்லா எரியுது. அந்த ஆளு நெருப்புப் பக்கத்துலயே, போர்வைய கழுத்து வரைக்கும் இழுத்து ஊக்கு குத்தி உக்காந்திருந்தான். நெத்தியில வேர்வை ஓடுது, துடைக்க மாட்டேங்குறான்.

"உன் பேரு என்னப்பா?"

"மோஹாப்பி." நாக்கு தடிச்சுப் போய், வார்த்தை வாய்க்குள்ளயே உருளுது.

"கல்யாண மோதிரம் எங்க?"

புகையிலைப் பையில இருந்து எடுத்துக் காட்டுனான். நடுவுல அறுத்த மோதிரம். "ரெண்டாவது வருசமே விரல் இறுகிப் போச்சு. நான் வேலை பாத்த பழத்தோட்டத்துல கொல்லன் அறுத்து எடுத்தான்."

"எவன் விரல்ல இருந்து அறுத்த?"ன்னான் பிட்சோ.

அந்த ஆளு தட்டுல இருந்த ரொட்டியப் பிச்சான். கெனுவே பிட்சோவுக்குக் கண்ணக் காட்டுனா. இவனும் லேசுப்பட்டவனா? இடப்பக்கமா கைய நீட்டி, தட்டுல இருந்து ஒரு பெரிய துண்ட எடுத்து வாயில போட்டுக்கிட்டான். ஆளுக்குத் தெரியவே இல்ல. வலப்பக்கமா போய் இன்னொண்ணு. அதுவும் தெரியல.

"அக்கா, இந்த மாதிரி ஆளு கூடத்தான் நான் தினமும் உக்காந்து சாப்புடணும்"னான் பிட்சோ.

அந்த ஆளு குனிஞ்சு தட்டப் பாத்தான். ரொட்டி பாதிதான் இருக்கு. தட்டு ஓரத்த ஒரு சுத்து தடவிட்டு, கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டான். பிட்சோவுக்கு வாயில இருந்தது தொண்டையில நின்னுருச்சு.

"நேரா பாத்தா தெரியுது, ரெண்டு பக்கமும் இருட்டு. குதிரைக்குக் கண்ணுல தட்டி கட்டுன மாதிரி. அப்படித்தானே?"ன்னா கெனுவே.

"ஆமா."

"காலையில தலவலி?"

"நெத்திக்குப் பின்னால. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கெனுவே கழுத்துத் துண்ட அவுத்தா. கழுத்துல பெரிய வீக்கமா இருந்தது வத்திப் போன தடம்.

"இந்த மலையில பாதிப் பொம்பளைங்களுக்கு இது உண்டு. எனக்கும் வந்துச்சு. எல்லாரும் வேர்க்குதுன்னா எனக்குக் குளுரும். முடி கொத்துக் கொத்தா போச்சு, உடம்பு ஊதிருச்சு, நின்னுக்கிட்டே தூங்குவேன். மாத விலக்கு ஆறு மாசமா தாறுமாறு. சோம்பேறின்னு சொல்லி போலீஸ்ல இருந்து அனுப்பிட்டாங்க. எங்கம்மா எவளோ சூனியம் வச்சுட்டான்னா. கடைசியில ஒரு நர்ஸம்மா கழுத்தத் தொட்டுப் பாத்துச்சு. உள்ள ஒரு சுரப்பி வேலை செய்யலன்னுச்சு. தினம் காலையில ஒரு மாத்திர, அவ்வளவுதான் சூனியம். அந்த நர்ஸம்மா கிட்ட ரெண்டு வருசம் கூடமாட வேலை பாத்தேன். உன்ன மாதிரி ஒரு ஆள அங்க பாத்திருக்கேன். தலைக்குள்ள, மூக்குக்குப் பின்னால, கடல அளவுல ஒரு சுரப்பி இருக்குதாம். அதுல கட்டி வந்தா, வளந்து முடிஞ்ச ஆளும் திரும்ப வளருவான். ஒசரம் வராது. கை, காலு, தாடை, மூக்கு, நாக்கு. கட்டி பெருசானா கண்ண நெருக்கும்."

அந்த ஆளு போர்வைய இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டான்.

"பிட்சோ, வெளிய போய் குதிரையப் பாரு."

"குதிர நல்லாத்தான் நிக்குது."

"போய்ப் பாருன்னா போய்ப் பாரு."

அவன் போனதும் கெனுவே குரலக் கொறச்சுக்கிட்டா. "தம்பி, இவ்வளவு வேர்த்தும் நீ போர்வைய எறக்கல. சட்டையில நெஞ்சுக்கிட்ட ஈரம் இருக்கு. அது வேர்வை இல்ல. பாலா? அந்தக் கட்டி வந்தா ஆம்பளைக்கும் பால் சுரக்கும்."

அவ்வளவு பெரிய ஆளு. அந்த மம்பட்டிக் கையால மூஞ்சிய மூடிக்கிட்டு அழுதான். ரொம்ப நேரம் அழுதான்.

"சுரங்கத்துல இருக்கும்போதே ஆரம்பிச்சுருச்சு அக்கா. பொம்பளைக்கு வர மாதிரி. வீட்டுக்கு லீவுல வந்தப்பவும் பொண்டாட்டி பக்கத்துல போக மனசே இல்ல, உடம்பும் வரல. அவ ஒண்ணும் கேக்கல, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. சுரங்கத்துக்குத் திரும்பிப் போனா, ஆளுங்க தங்குற கொட்டாயில ஒருத்தன் என் சட்டையப் பாத்துட்டான். பசுமாடுன்னு பேரு வச்சாங்க. எல்லாரும் அப்படியே கூப்பிட்டாங்க. ஒரு நாள் விடியக்காலையில கெளம்பிட்டேன். லெபுசான்னு ஒரு பையன், மொகோட்லோங் பக்கம், வேலை இல்லாம கெடந்தான். என் அட்டையையும் போர்வையையும் குடுத்து, என் பேருல எறங்கிக்கடான்னேன். மூணாவது நாளு சுரங்கம் இடிஞ்சு அவன் போயிட்டான்."

"நீ வந்து சொல்லியிருக்கலாமே?"

"எல்லை தாண்டி ஊருக்குத் திரும்பாம, அந்தப் பக்கமே செர்ரிப் பழத்தோட்டத்துல வேலைக்குச் சேந்துட்டேன். மூணு மாசம் கழிச்சு பக்கத்து ஊர்ப் பொம்பள ஒருத்தி சொன்னா, மோஹாப்பின்னு ஒருத்தனப் புதைச்சாங்கன்னு. சரி, செத்தவனுக்கு வெக்கம் இல்லைன்னு இருந்துட்டேன்." மூக்க உறிஞ்சுனான். "இப்பப் பழம் கண்ணுக்குத் தெரியல. அனுப்பிட்டாங்க."

தோட்டத்துல வருசா வருசம் போட்டோ ஒட்டி ஒரு வேலை அட்டை தருவாங்களாம். மொதலாளி வச்ச பேரு பெட்ரஸ். பெட்ரஸ்னு போட்ட அட்டை இருந்து என்ன பிரயோசனம்னு பைக்கு அடியில போட்டு வச்சிருந்தான். கெனுவே எண்ணிப் பாத்தா. ஒன்பது.

"எந்திரி. உன் வீட்டுக்குப் போவோம்"னா.

மாலினேயோ உள்ள அடுப்புக்கிட்ட இருந்தா. கெனுவேயும் பிட்சோவும் மொதல்ல நுழைஞ்சாங்க. பின்னாலேயே அந்த ஆளு வந்தான். வந்தவன் வாசல்ல தலையக் குனிஞ்சு, வலது கைய நெத்திக்கு மேல குடுத்துக்கிட்டு நுழைஞ்சான். வாசலுக்கும் அவன் தலைக்கும் நடுவுல இன்னொரு ஆளு உக்காரலாம், அவ்வளவு எடம்.

"அண்ணே, இடிக்காது, நிமிந்தே வாங்க"ன்னான் பிட்சோ.

கெனுவே அந்த ஆளப் பாக்கல. மாலினேயோவத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. சுவத்துல இருந்த கல்யாண போட்டோவக் கழட்டிட்டு வந்து, கீழ உக்காந்து பாய் மேல வச்சா. அது பக்கத்துல அட்டைங்கள வருச வாரியா அடுக்குனா.

"பிட்சோ, இந்தக் கோடியில இருக்குற மாப்பிள்ளையும் அந்தக் கோடியில இருக்குற அட்டையும் ஒரே ஆளா?"

"சத்தியமா இல்லக்கா. இவன் ஆட்டுக்குட்டி, அவன் காள."

"அப்ப ஆளு எந்த எடத்துல மாறுனான்? காட்டு."

பிட்சோ மண்டி போட்டான். மாப்பிள்ளைக்கும் மொத அட்டைக்கும் வித்தியாசமே இல்ல, புருவத்துல தழும்பு கூட அதே எடத்துல. மொதலும் ரெண்டும் ஒரே ஆளு. ரெண்டும் மூணும் ஒரே ஆளு, மூக்கு கொஞ்சம் பருத்துருக்கு. நாலு, அஞ்சுன்னு விரல நகத்திக்கிட்டே போனான். கடைசிக்கு வந்துட்டு, திரும்ப மொதலுக்கு வந்தான். தொப்பியக் கழட்டிட்டான்.

"மாறவே இல்லக்கா"ன்னான் மெதுவா. "எங்கயும் மாறல."

மாலினேயோ எந்திரிச்சு நின்னா. "அப்ப நான் இத்தன நாளா தெரியாம..."

"பொய் சொல்லாத தாயி"ன்னா கெனுவே. "உனக்கு மொத நாளே தெரியும். இப்ப அவன் வாசலுக்கு வந்தப்ப நீ கண்ண மூடிக்கிட்ட. அவன் குனிஞ்சதுக்கு அப்புறம் மூடல. குனியறதுக்கு முன்னாடியே மூடுன. குனிவான்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. மூணு வாரம் முன்னாடியும் அப்படித்தான் குனிஞ்சு வந்தானா?"

அடுப்புல பானை பொங்கி வழியுது, யாரும் எறக்கல.

"தல மழிச்சு உக்காந்திருந்தேன்"னா மாலினேயோ. கெனுவேகிட்ட சொல்லல, அவன் மூஞ்சியப் பாத்துச் சொன்னா. "சாம்பல்ல உக்காந்து அழுதேன். உன் அம்மா அந்தப் போர்வைய மோந்து பாத்துக்கிட்டே செத்தா. நீ அந்தப் பக்கம் பழம் பறிச்சுக்கிட்டு இருந்திருக்க. இப்ப வந்து உயிரோட இருக்கேங்குற. நீ உயிரோட இருந்தா நான் யாரு? உன் தம்பி யாரு? இந்தப் புள்ள யாரு? நீ ஏன் என்ன வேணாம்னு போன, அத மட்டும் சொல்லு."

அவன் போர்வை ஊக்க எடுத்துட்டு, போர்வைய எறக்குனான். சட்டையில ரெண்டு ஈர வட்டம்.

அவ பாத்தா. ரெண்டு புள்ளைக்குப் பால் குடுத்தவ, அவளுக்கு வெளக்கம் சொல்லணுமா? "அன்னைக்கு நீ திரும்பிப் படுத்த பொறவு நான் விடிய விடிய முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்"னான் அவன்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே"ன்னா அவ.

சனிக்கிழம காலையில தலைவர் முற்றத்துல கூட்டம். கல்லு மேல வெயில் இருந்தும் கைய நீட்ட முடியல, அவ்வளவு குளிரு. தலைவர் தொண்டையச் செருமுனாரு.

"யாரப்பா நீ? உன் வாயால சொல்லு."

கெனுவே கை பைக்குள்ள அட்டைங்கள புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்த ஆளு அவளப் பாத்து வேணாம்னு தலைய ஆட்டுனான். பொறவு நேரா பாத்தான். நேரா இருந்தது செக்கேலே. மடியில அந்தச் சின்னப் பொண்ணு, அவன் தொப்பிக் கயித்தக் கடிச்சுக்கிட்டு இருந்தா.

"நான் மோஹாப்பி இல்லைங்க ஐயா"ன்னான். "சீட்டுக்காகப் பொய் சொன்னேன். மோஹாப்பி செத்துட்டாரு. நீங்கதான் புதைச்சீங்க."

கூட்டத்துல ஒரே சலசலப்பு. தலைவர் முத்திரைப் பெட்டிய மூடிட்டாரு. "அப்ப பொழுது சாயறதுக்குள்ள மலைய விட்டு எறங்கிரு."

"எறங்க வேணாம்." மாலினேயோ எந்திரிச்சு நின்னா. "தலைவரே, இவரு இப்பச் சொன்னதுதான் பொய். நான் மூணு வாரமா சொன்னதும் பொய். இவரு பழைய வாசலுக்குக் குனியறவரு. இப்ப இல்லாத வாசலுக்கு. அத வேற எவனும் களவாண்டுட்டு வர முடியாது. இவரு என் வீட்டுக்காரரு. இது சீக்கு, சூனியம் இல்ல. இந்த அக்கா சொல்லும்."

கெனுவே அட்டைங்கள எடுத்து வச்சா. தலைவர் ஒவ்வொண்ணா பாத்தாரு. ரொம்ப நேரம் கழிச்சு, முத்திரைய வாயால ஊதி ஈரப்படுத்தி, கடுதாசியில அழுத்துனாரு.

"இது சரியாகுமா?"ன்னு கேட்டாரு.

"மாத்திரைக்கு அடங்கலாம், வெட்டவும் வேண்டி வரலாம், அது டாக்டரு சொல்லணும். போன கண்ணு முழுசா வருமான்னு தெரியாது. இருக்குறதக் காப்பாத்தலாம்"னா கெனுவே.

செக்கேலே யாரையும் பாக்காம, புள்ளையத் தூக்கிக்கிட்டு சுவத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்னான். தோளு குலுங்குது. மொத நாளு அவனக் களவாணின்னு சொன்ன பிட்சோ, பின்னாலேயே போய்ப் பக்கத்துல நின்னான். ஒரு நக்கலும் பண்ணல. பையில இருந்த ரொட்டியப் பிட்டு புள்ள கையில குடுத்தான்.

மாலினேயோ மோஹாப்பி பக்கத்துல வந்து நின்னா. அவன் கடுதாசியக் கையில வச்சுக்கிட்டு நேரா பாத்தபடி, "அவ போயிட்டாளா?"ன்னு கெனுவேகிட்ட கேட்டான். அரை முழம் தள்ளி நிக்கிறா, அவனுக்குத் தெரியல.

அவ சுத்தி வந்து முன்னால நின்னா. "இங்கதான் இருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா. யாரு எந்த வீட்டுல இருக்குறதுன்னு அப்புறம் மூணு பேரும் உக்காந்து பேசுவோம்"னா. அவன் போர்வை அவுந்து தொங்குனத இழுத்து, நெஞ்ச மூடி, ஊக்கு குத்தி விட்டா.

குதிர எறங்குற வழியிலதான் அந்தக் கல்லறை. கல்லுல மோஹாப்பின்னு பேரு. பிட்சோ எறங்கி நின்னான்.

"அக்கா, இந்த லெபுசாவுக்கு அம்மா இருப்பாளா?"

"இருப்பா."

"ஒன்பது வருசமா, வருவான்னு பாத்துக்கிட்டு இருப்பாளோ?"

கெனுவே கழுத்துத் துண்ட இறுக்கிக் கட்டிக்கிட்டு, குதிரைய மசேரு பக்கம் விடாம, லெபுசா ஊரு இருக்குற மொகோட்லோங் பக்கம் திருப்புனா. ரெண்டு நாள் வழி. வழியெல்லாம் பிட்சோ வாயத் தெறக்கல.

இத டைப் அடிக்கும்போது எனக்கே கண்ணு கலங்கிருச்சு, போங்க. உங்க வீட்டுலயும் யாருக்காவது மோதிரம் இறுகுதா, செருப்பு நம்பர் ஏறுதா? வெயில்ல குளுருதுங்குறாங்களா, முடி கொட்டுதா, மாத விலக்கு நின்னு போச்சா? ஆம்பள யாராவது எதையோ மறைக்கிற மாதிரி போர்வைக்குள்ளயே இருக்காங்களா? சோம்பேறின்னோ சாபம்னோ சொல்லிராம, ஒரு தடவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. உங்களுக்கு எப்படித் தெரிய வந்துச்சு, யாரு மொதல்ல கண்டுபுடிச்சாங்க, அது வரைக்கும் யாருகிட்ட சொல்லாம வச்சிருந்தீங்க? எனக்கு எழுதுங்க. பேரு போட வேணாம்னா போட வேணாம்.